கதைமாந்தர் உயிர்பெற்ற வரலாறு

ஒரு மனிதனை அறிந்துகொள்வதற்கு வழிகள் பல உள. அவனைப்பற்றிப் பிறர் கூறுவதைக் கேட்கலாம். அவன் தன்னைப்பற்றித் தானே கூறுவதைக் கேட்கலாம். அவன் செய்கையைக் கண்டு உய்த்துணரலாம். இவற்றுள் எதனை நம்புவது என்பது வாழ்க்கையில் நாள்தோறும் எழும் வினா. கதை எழுதுவோனுக்கும் இதே வினா எழுகின்றது. தான் படைத்த மனிதனை வாசகருக்கு எவ்வாறு அறிமுகஞ் செய்வது? “இவன் நல்லவன்” என்று தானே சொல்லிவிடுவதா? அன்றி, அவனைப் பேசவிட்டு, செயற்படவிட்டு, வாசகர் தாமே முடிவு செய்யுமாறு விடுவதா? தமிழிலே வசனக் கதை பிறந்து வளர்ந்த வரலாற்றை உற்றுநோக்கின், இந்த வினாவுக்கு ஒரு தலைமுறை கூறிய விடையை அடுத்த தலைமுறை திருத்திக்கொண்டே வந்திருப்பது புலனாகும்.

தமிழர்க்கு இக்கலை முற்றும் புதியதன்று. பழைய அகப்பாடல்களிலே புலவர் தம் கூற்றாக எதனையும் கூறுவதில்லை. தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், செவிலி வருந்துகிறாள், பிரிந்து செல்லும் தலைவன் தன் நெஞ்சோடு பேசிக்கொள்கிறான். பேச்சின் வாயிலாகவே அவர்தம் உள்ளம் வெளிப்படுகின்றது. ஆயினும் அவர்களுக்குப் பெயரில்லை. அகத்திணையிலே ஒருவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. ஆகவே அங்கே தோன்றுவோர் தனிமனிதர் அல்லர். எல்லாக் காதலருக்கும் பொதுவான மாந்தர். இவ்வகைப் பாடல்களுள் நாடகப் பண்பு மிகுந்தது கலித்தொகை. அதனை 1887ஆம் ஆண்டிலே முதன்முதலாக அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. அப்பொழுது தமிழிலே முதல் நாவல் வெளிவந்து எட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. எனவே, முதல் நாவலாசிரியர் தமக்கு வழிகாட்டியாக அகப்பாடல்களைக் கொண்டிருந்தனர் என்று கொள்வதற்கில்லை.

அவர்களுக்கு முன்னிருந்த வசனக் கதைகள் வேறு வகையின. அவற்றுள் யாவரும் அறிந்தது, வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிலே எழுதிய பரமார்த்த குருவின் கதை. 1822ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பாபிங்டன் என்பவர் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். குருவுக்குச் சீடர் ஐவர். அவர்தம் பெயர்கள் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்பன. பெயரைக் கேட்டவுடனே ஆளும் விளங்கிவிடுகின்றான்; அதற்குமேல் அவனைப்பற்றி அறிய வேண்டுவது ஒன்றுமில்லை. மடையன் முதற்கதையிலும் மடையனே, ஈற்றுக்கதையிலும் மடையனே. நகைச்சுவைக்கு இது போதும். சிரிப்பதற்காகப் படைக்கப்பட்ட உருவம் மாறிவிட்டாற் சிரிப்பும் மறைந்துவிடும். ஆனால் வாழ்க்கையிலே எவரும் தம் குணத்தைப் பெயராகச் சூட்டிக்கொண்டு நடமாடுவதில்லை. ஆதலால் வாழ்க்கையைக் காட்டப் புகுந்த நாவலுக்கு இந்த உபாயம் போதாதாயிற்று.

தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் 1879ஆம் ஆண்டு வெளிவந்தது. அதனை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். நீதி நூல் இயற்றியவர். உயர்ந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழிலே தொகுத்து 1862இல் வெளியிட்டவர். அவருடைய தொழிலின் சாயல் அவருடைய நாவலிலும் படிந்திருக்கின்றது. கதையைச் சொல்பவன் பிரதாபனே. பாட்டியின் செல்லத்திலே வளர்ந்து, படிப்பை வெறுத்துத் திரிந்த தன் சிறுபருவத்தை அவன் நகைச்சுவை ததும்பக் கூறும் பகுதிகள் இன்றும் படிக்கச் சுவையானவை. தன் அறியாமையைத் தானே எடுத்துரைக்கும் ஒருவன் வாசகரின் அன்புக்கு உரியவனாகின்றான். அவன் மனைவி ஞானாம்பாள் அறிவிற் சிறந்தவள். கணவனைப் பிரிய நேர்ந்தபோது ஆண்வேடம் பூண்டு, விக்கிரமபுரியிலே அரசாட்சி செய்து, அவனை மீட்கின்றாள்.

பெண்கல்வியின் பெருமையை அக்காலத்திலே இவ்வளவு துணிவாகக் கூறிய கதை வேறில்லை. எனினும் ஞானாம்பாள் வளர்கிறாளா என்று கேட்டால், இல்லை என்றே கூறவேண்டும். சிறுமியாகத் தோன்றும்போது அவளிடத்திலே எந்த அறிவு இருந்ததோ, அதே அறிவே அரியணையிலும் இருக்கின்றது. அவள் தடுமாறுவதில்லை, தவறி வருந்துவதுமில்லை. அவள் சிறந்தவள் என்ற தீர்ப்பு கதை தொடங்கும்போதே எழுதப்பட்டுவிட்டது. பின்னர் வரும் நிகழ்ச்சிகளெல்லாம் அந்தத் தீர்ப்புக்குச் சான்றாக அடுக்கப்பட்டவை. நல்ல கருத்துக்களை வசன நடையிலே பரப்புதல் ஆசிரியரின் நோக்கமாதலின் இதனைக் குறையென்று தள்ளிவிடுதல் முறையன்று. முதல் அடி எடுத்துவைப்பவர் ஓடவில்லையே என்று எவரும் குறைகூறார்.

இலங்கையிலே தோன்றிய முதல் தமிழ் நாவல் 1885ஆம் ஆண்டு வெளிவந்த அசன்பேயுடைய சரித்திரம். அதன் ஆசிரியர் கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை அவர்கள் வழக்கறிஞர். 1882இலே முஸ்லிம் நேசன் என்ற பத்திரிகையைத் தொடங்கி நடத்தியவர். தமிழின் முதல் நாவலும் இலங்கையின் முதல் தமிழ் நாவலும் நீதிமன்றத்தோடு தொடர்புடைய இருவராலே எழுதப்பட்டமை நினைவிற் கொள்ளத்தக்கது. அசன்பேயின் கதை எகிப்திலே தொடங்குகின்றது. குழந்தைப் பருவத்திலே கவர்ந்து செல்லப்பட்ட ஒருவன் பல நாடுகளிலே அலைந்து, பல இடர்களைக் கடந்து மேன்மையுறுகின்றான். இடம் மாறுகின்றது, காலம் மாறுகின்றது, இடையூறுகள் மாறுகின்றன. அசனுடைய நற்குணம் மட்டும் மாறுவதில்லை. உள்ளத்தின் வளர்ச்சியன்று, குணத்தின் உறுதியே இங்கே வியந்து போற்றப்படுகின்றது.

இந்த மரபு நெடுங்காலம் நிலைத்தது. 1905ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தவராகிய சின்னப்பபிள்ளை எழுதிய நாவலின் பெயர், வீரசிங்கன் கதை அல்லது சன்மார்க்க ஜயம் என்பது. நாயகனின் பெயரிலே வீரம் இருக்கின்றது. நூலின் மறுபெயரிலே முடிவு இருக்கின்றது. நூலைத் திறக்குமுன்னரே நன்மை வெல்லும் என்பது வாசகருக்கு உறுதியாகிவிடுகின்றது.

ஆனால் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே வேறொரு வழி திறக்கப்பட்டிருந்தது. வத்தலக்குண்டிலே பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலே பயின்ற இராஜம் ஐயர் என்னும் இளைஞர், 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி என்ற மாத இதழிலே ஒரு கதையைத் தொடர்ந்து எழுதி வந்தார். 1896இலே நூலாக வெளிவந்த அதுவே கமலாம்பாள் சரித்திரம். எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தொன்று. 1898ஆம் ஆண்டு, இருபத்தாறாம் வயதிலே அவர் மறைந்தார்.

இந்நாவலுக்கு ஆபத்துக்கிடமான அபவாதம் என்று மற்றுமொரு பெயருண்டு. அபவாதம் என்பது பழிச்சொல். சிறுகுளம் என்னும் சிற்றூரிலே வாழும் முத்துஸ்வாமி ஐயருக்கும் அவர் மனைவி கமலாம்பாளுக்கும் இடையே அந்தப் பழிச்சொல் புகுந்து, இல்லத்தையே சிதைத்துவிடுகின்றது. மனைவிமீது வீண்பழி கேட்ட கணவர் வீட்டைவிட்டே நீங்குகின்றார்.

இக்கதைக்கும் முன்னைய கதைகளுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கின்றது. பழிச்சொல் என்பது யாது? ஒருவரைப்பற்றிப் பிறர் கூறும் தீர்ப்பு. பிறர் கூறுவதை நம்பி மனிதரை மதிப்பிடலாகாது என்பதே கதையின் உயிரான கருத்தாயின், ஆசிரியர் தாமும் “இவள் இத்தகையவள்” என்று கூறிவிட்டு நின்றுவிடுதல் பொருந்துமா? வாசகர் கமலாம்பாளைத் தாமே கண்டு, தாமே கேட்டு, தாமே நம்பினாலன்றி, அவளுக்கு இழைக்கப்பட்ட அநீதி வாசகரின் நெஞ்சைச் சுடாது. கதையின் பொருளே புதியதொரு முறையை வேண்டி நின்றது எனலாம்.

அம்முறையை இராஜம் ஐயர் பெரும்பாலும் உரையாடலிலே கண்டார். கணவனும் மனைவியும் மகளின் திருமணத்தைப்பற்றிப் பேசிக்கொள்ளும்போது, அவர்களுடைய அன்பும் ஊடலும் அவரவர் சொற்களிலேயே வெளிப்படுகின்றன. ஊர்ப்பெண்கள் கூடி வம்பளக்கும்போது, ஒருத்தி தொடங்கிய சொல்லை மற்றொருத்தி எவ்வாறு வளர்க்கின்றாள் என்பதை வாசகர் அருகிலிருந்து கேட்கின்றனர். பழிச்சொல் பிறக்கும் முறையைக் கண்டவர்களுக்கு அதன் பொய்ம்மையைத் தனியே விளக்க வேண்டுவதில்லை. கமலாம்பாளின் ஓர்ப்படியாகிய பொன்னம்மாள் பொறாமையே உருவானவள். அந்தப் பொறாமை, அன்றாடக் குடும்பப் பேச்சிலே ஒவ்வொரு சொல்லாகக் கசிகின்றது. மதுரையிலே ஆசிரியத் தொழில் செய்யும் அம்மையப்பிள்ளை, கல்விப்பெருக்கும் உலகியல் அறியாமையும் ஒருங்கே அமைந்தவர். பரமார்த்த குருவின் சீடரைப்போல அவரும் சிரிப்பூட்டுகின்றார். ஆனால் அவருக்கு ஊருண்டு, தொழிலுண்டு, நல்ல மனமுண்டு. வாசகர் அவரைக் கண்டு சிரித்தபின் அவரிடத்திலே அன்புங் கொள்கின்றனர்.

முத்துஸ்வாமி ஐயரோ கதை செல்லச் செல்ல மாறுகின்றார். செல்வமும் மதிப்பும் அமைந்து, தம் நிலையிலே ஐயமில்லாதிருந்தவர், குடும்பப் பிரிவினாலும் குழந்தையின் இழப்பினாலும் பழிச்சொல்லினாலும் அலைப்புண்டு, ஈற்றிலே ஞான வழியை நாடுகின்றார். தமிழ் நாவலிலே ஒருவன் கதையின் தொடக்கத்தில் இருந்தவாறே முடிவில் இராமல், பட்ட அனுபவத்தினாலே வேறொருவனாக ஆவதை இங்கேதான் முதன்முதலாகத் தெளிவுறக் காண்கின்றோம். நூலின் பிற்பகுதியிலே வேதாந்தக் கருத்துக்கள் மிகுந்து, ஆசிரியர் குரலே மேலோங்கிவிடுகின்றது என்று திறனாய்வாளர் கூறுவர். அது உண்மையே. பின்வாங்கிய ஆசிரியர் மீண்டும் முன்வந்துவிடுகின்றார். எனினும் திறந்த கதவு மூடப்படவில்லை.

அதே ஆண்டிலே, 1872இல், பிறந்தவர் மாதவையா. அரசாங்கத்தின் உப்பு இலாகாவிலே பணிபுரிந்த அவர், பத்மாவதி சரித்திரத்தை 1898, 1899ஆம் ஆண்டுகளிலே இரு பாகங்களாக வெளியிட்டார். அங்கும் கணவனின் ஐயம் ஒரு பெண்ணைத் துன்புறுத்துகின்றது. அவர் 1903இலே வெளியிட்ட முத்துமீனாட்சியோ இன்னும் ஒருபடி முன்செல்கின்றது. ஒரு பிராமணப் பெண் தன் வாழ்க்கையைத் தானே கூறுவதாக அமைந்த கதை அது. இளமையிலே மணம்; மாமியார் வீட்டிலே கொடுமை; பின்னர் விதவைக் கோலம். பிறர் அவளைப்பற்றிப் பேசுவதையே அதுவரை கேட்டுவந்த சமுதாயம், அவள் பேசுவதைக் கேட்க நேர்ந்தது. சமூகச் சீர்திருத்தம்பற்றி மேடையிலே நிகழ்த்தும் நூறு சொற்பொழிவுகள் செய்யாததை ஒரு பெண்ணின் தன்கூற்று செய்யவல்லது. ஏனெனில் “நான்” என்று சொல்லுபவளை வாசகர் பிறளாக எண்ண முடிவதில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. முத்துமீனாட்சியின் “நான்” ஓர் ஆடவரின் எழுதுகோலிலிருந்து பிறந்தது. பதினோராண்டுகளின் பின், 1914இலே, மங்களநாயகம் தம்பையா என்ற யாழ்ப்பாணத்துப் பெண்மணி நொறுங்குண்ட இருதயம் என்னும் நாவலை எழுதினார். ஈழத்திலே பெண்ணொருவர் எழுதிய முதல் தமிழ் நாவல் அதுவே. அரசகுமாரரும் மாயமும் மறைந்த பிள்ளைகளும் மலிந்திருந்த காலத்திலே, ஒரு வீட்டின் நான்கு சுவர்களுக்குள் மனைவியொருத்தி படும் துன்பமே கதைக்குப் போதுமான பொருள் என்று அவர் துணிந்தார். கிறித்தவ நெறியை வற்புறுத்தும் அறிவுரைகள் நூலிலே இடையிடையே வருகின்றன. எனினும் நாயகி வாசகரை ஈர்ப்பது அவ்வறிவுரைகளால் அன்று, அவள் பொறுத்துக்கொள்ளும் அன்றாட நிகழ்ச்சிகளாலேயே.

அறிவுரை மெல்ல மெல்ல உதிர்ந்தது. 1943ஆம் ஆண்டிலே புதுமைப்பித்தன் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்ற சிறுகதையை நோக்குக. கந்தசாமிப் பிள்ளை சென்னையிலே ஒரு தெருமூலையில் நின்றுகொண்டு, திருவல்லிக்கேணிக்கு எவ்வாறு செல்வது என்று கணக்குப் பார்க்கின்றார். டிராம் வண்டியிற் சென்றால் மிஞ்சும் காசுக்கு வெற்றிலை போடலாம்; பஸ்ஸில் ஏறி, கண்டக்டரை ஏமாற்றிச் சிறிது தூரம் கடந்தபின் சீட்டு வாங்கினால் அரைக் கோப்பை காப்பி குடிக்கலாம், ஆனால் வெற்றிலை இல்லை. அவர் ஏழையென்றும், சிறு தந்திரம் உடையவரென்றும், அத்தந்திரத்திலும் ஒரு குழந்தைத்தனம் உண்டென்றும் ஆசிரியர் எங்கும் கூறவில்லை. காலணாக் கணக்கே அனைத்தையும் கூறிவிடுகின்றது. வேதநாயகர் ஓர் அதிகாரத்திலே விளக்கியிருக்கக்கூடியதைப் புதுமைப்பித்தன் ஒரு நிமிடத் தயக்கத்திலே காட்டிவிடுகின்றார். இடையே கடந்தவை அறுபத்து நான்கு ஆண்டுகள்.

பாத்திரம் தன் வாயாற் பேசவேண்டும் என்று ஏற்றுக்கொண்டவுடன், எந்தத் தமிழிலே பேசவேண்டும் என்ற அடுத்த வினா எழுந்தது. ஈழத்திலே அது பெரும் விவாதமாயிற்று. 1960களின் தொடக்கத்திலே, பேச்சுவழக்கை இலக்கியத்தில் இடம்பெறச் செய்யலாமா என்பதுபற்றி மரபைப் பேணுவோரும் முற்போக்கு எழுத்தாளரும் பத்திரிகைகளிலே கடுமையாக வாதிட்டனர். அது மரபுப் போராட்டம் என்று பெயர்பெற்றது. அதனை இலக்கணத்தைப்பற்றிய சச்சரவு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. கமக்காரன் வயலிலே பேசும் மொழியும், தொழிலாளி கூலி கேட்கும் மொழியும் நூலிலே ஏறத் தகுதியற்றவை என்றால், அம்மொழியைப் பேசுவோரும் நூலிலே முழுமனிதராக ஏற முடியாது. அவர்களைப்பற்றிப் பிறர் பேசலாம். அவர்கள் பேசலாகாது என்பதே அதன் முடிவாகும். 1972இலே வெளிவந்த கே. டானியலின் பஞ்சமர் என்னும் நாவல், யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையை அதனால் ஒடுக்கப்பட்டோரின் பேச்சிலேயே உரைத்தது. விவாதத்துக்கு அதனினும் சிறந்த விடை வேண்டுவதில்லை.

பேச்சு ஒருபுறமிருக்க, செயல் ஒன்று மனிதரை எவ்வளவு தூரம் மாற்றவல்லது என்பதற்குத் தமிழகத்திலே ஓர் அரிய சான்று தோன்றியது. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற சிறுகதை 1966ஆம் ஆண்டு ஆனந்த விகடனிலே வெளிவந்தது. மழைநாளொன்றிலே அயலான் ஒருவனாற் கெடுக்கப்பட்டு வீடு திரும்பிய இளம்பெண்ணின் தலையிலே தாய் நீரை ஊற்றி, நீ தூயவளாகிவிட்டாய் என்று கூறி அணைத்துக்கொள்கின்றாள். கதை பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அந்தத் தாய் அவ்வாறு செய்யாமல், ஊரறிய அலறியிருந்தால் என்னவாகும் என்ற கேள்வியிலிருந்து, சில நேரங்களில் சில மனிதர்கள் என்ற நாவலை 1970இலே ஜெயகாந்தன் அளித்தார். அதிலே கங்கா என்ற அப்பெண் வீட்டாரால் விலக்கப்பட்டு, கற்று, உத்தியோகம் பெற்று, ஊரார் சூட்டிய பெயரைச் சுமந்து தனித்து வாழ்கின்றாள். தாயின் ஒரு செயல் மாறியது. மகளின் வாழ்வும் மனமும் முற்றும் வேறாயின. குணம் என்பது பிறப்பிலே வந்த முத்திரையன்று, பிறர் நம்மை நடத்தும் முறையாலும் அது உருவாகின்றது என்பதற்கு இவ்விரு கதைகளையும் அடுத்தடுத்துப் படித்தல் போதும்.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஒருண்மை தெளிவாகும். முதலில் பெயரே மனிதனைக் காட்டியது. பின்னர் ஆசிரியரின் கூற்றுக் காட்டியது. அதன்பின் உரையாடலும், தன்கூற்றும், சிறு செயலும், ஊரின் வழக்கும் காட்டலாயின. ஆசிரியர் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்க, தீர்ப்புக் கூறும் பொறுப்பு ஒவ்வோர் அடியாக வாசகரிடம் வந்து சேர்ந்தது. இப்பொறுப்பு எளிதானதன்று. கமலாம்பாளைப்பற்றி ஊர் கூறியதை நம்பாத வாசகர், தம் அயல்வீட்டுப் பெண்ணைப்பற்றி ஊர் கூறுவதையும் ஒருமுறை நின்று ஆராயக் கடமைப்பட்டவராகின்றார்.

வானொலி நேயர்களுக்கு இது புதிய பயிற்சியுமன்று. இலங்கையர்கோன் எழுதி இலங்கை வானொலியிலே ஒலித்த ‘விதானையார் வீட்டில்’ என்னும் தொடரும், சானாவின் ‘இலண்டன் கந்தையா’வும் யாழ்ப்பாணத்துப் பேச்சிலே அமைந்தவை. வானொலி நாடகத்திலே முகமில்லை, உடையில்லை, அருகிருந்து விளக்கும் ஆசிரியருமில்லை. குரல் ஒன்றே உண்டு. அந்தக் குரலின் ஏற்றத்தையும் இறக்கத்தையும், சொல்லாமல் விட்ட சொல்லையும் கொண்டு, பேசுபவன் யாரென்று கேட்போர் தாமே அறிந்துகொண்டனர். நாவலாசிரியர் பல்லாண்டு முயன்று கற்றுக்கொண்டதும் இதுவே: மனிதரைப்பற்றிப் பேசுவதினும், மனிதரைப் பேசவிடுதல் நன்று.